ஏழாவது பாட்டின் பாடகி

எங்கள் கல்லூரி இசைக்குழுவின் ஒரே கேசட்டை மறுபடி வெளியிட்டே தீருவது என்று முடிவெடுத்தேன். யார் தடுத்தாலும் பின்வாங்குவதில்லை. தடுக்க வீட்டில் ஒருத்திதான் இருக்கிறாள்.

குழுவில் நாலு பேர். ஒருவனுக்கு இரண்டு வாளி, ஒருவனுக்குத் தையல் மெஷின், ஒருவனுக்குக் கம்பி அறுந்த வயலின். நான் தண்ணீர்க் குழாய் ஊதுவேன். சோதனை இசை என்று பெயர்.

“சோதனைதான், கேக்கறவங்களுக்கு” என்பாள் மனைவி.

எவருக்கும் தெரியாத அந்தக் கேசட், பழைய சாமான் கடையில் ஓர் இசைக் கம்பெனிக்காரர் கையில் சிக்கியிருக்கிறது. போன் செய்தார்.

“அபாரம் சார்! மறுபடி வெளியிடலாம். ஆனா ஏழாவது பாட்டுல ஒரு பொண்ணு ஆவேசமா கத்தறாங்களே, அவங்க சம்மதம் வேணும். யாரு சார் அது?”

அது பாட்டே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் வழியாக எங்களைத் திட்டியது அப்படியே பதிவாகிவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில்தான் எனக்கு அவளோடு கல்யாணம் ஆனது.

இதை அவளிடம் சொன்னால் கேசட் அட்டை முழுக்க அவள் படம்தான்; என் படத்துக்கு இடம் இருக்காது.

“யாரோ போறவங்க வர்றவங்க சார். எங்க போய்த் தேடறது!”

“சரி, நேர்ல பேசி ஒரு வழி பண்ணலாம்.”

மனைவி அக்கா வீட்டுக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை அவரை வரவழைத்தேன். வாசித்துக் காட்டச் சொன்னார். குழாயில் தண்ணீர் நிரப்பி, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து ஊதினேன். சோபா நனைந்தது. சுவர் நனைந்தது. அவர் சட்டையும் நனைந்தது.

கதவு திறந்தது. அக்கா வீட்டில் ஆளில்லையாம்.

“இப்பத்தானே துடைச்சிட்டுப் போனேன்! வீடா இது, கார் கழுவற இடமா? வைங்க அத கீழ!”

கம்பெனிக்காரர் சிலிர்த்து எழுந்து கும்பிட்டார்.

“அம்மா! அதே குரல்! ஏழாவது பாட்டு!”

தன் போனில் பாட்டைப் போட்டார். மனைவி கடைசிவரை கேட்டாள்.

“நல்லாத்தானே திட்டியிருக்கேன்!”

“யாருன்னே தெரியாதுன்னாரும்மா சார்.”

“தெரியாதா? தினமும் கேக்கற குரல்!”

நான் குழாயைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஆனாலும் விடவில்லை. “ஒரே ஒரு கையெழுத்தும்மா...” என்றேன்.

“போடறேன். பின்னாடி என்னமோ ஊதுதே, அத மட்டும் எடுத்துடணும்.”

கம்பெனிக்காரர் முகம் மலர்ந்தது.

“அத சார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதாம்மா இவ்வளவு நேரமா யோசிச்சிட்டிருந்தேன்!”