ஸ்டீரியோ அண்ணனும் நடுப்பாதையும்

"படிப்பெல்லாம் சரிதான் தங்கச்சி. ஆனா ஒன் காது மோனோ காது."

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. எனக்கு ஃபெயில் போட்ட ஒரே ஆள் ஸ்டீரியோ அண்ணன்தான். ஒரு பாட்டை இரண்டாகப் பிளந்து பரிமாறத் தெரிந்தவர் ஊவா மாகாணத்திலேயே அவர் ஒருவர்தான்.

பண்டாரவளைக்கும் எங்கள் தோட்டத்துக்கும் ஆட்டோ ஓட்டுவார். பின்சீட்டின் இரு பக்கமும் ஸ்பீக்கர். தனியாக ஏறினால், "நடுவுல உக்காருங்க, அப்பத்தான் ரெண்டு காதுலயும் சரியா விழும்" என்பார். இரண்டு பேர் ஏறினால் முகம் வாடிவிடும். மூன்று பேர் ஏறினால் நடுவில் இருப்பவரிடம் மட்டும் பேசுவார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார். மற்றவர்களுக்கு ஒரு ஆம்ப் பெட்டி போதும், அவருக்கு இரண்டு. இடப்பக்கத்து ஆம்பில் ராகம் வரும், வலப்பக்கத்து ஆம்பில் அதன் எதிரொலி வரும். எங்கள் தேவாலயத்தில் இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். ஆகவே பெண்கள் எப்போதும் கொஞ்சம் பிந்தியே பாடினார்கள்.

"ஆம்பளைங்களுக்குப் பாட்டு, எங்களுக்கு எதிரொலியா?" என்று கேட்டார் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்காரும் ரோசம்மா அக்கா.

தேவாலயக் கமிட்டி கூடியது. கிறிஸ்மஸுக்கு ஒரே ஆம்ப், மோனோ. இல்லையென்றால் கிட்டாரே வேண்டாம். பாடகர் குழுவை நடத்துபவள் நான் என்பதால் அதைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஆராதனை முடிந்ததும் தேவாலயத்திலேயே அண்ணனிடம் சொன்னேன்.

"ஒத்தச் செருப்போட யாராச்சும் வெளிய போவாங்களா? நான் வரல."

"ரெண்டு பக்கமும் சரியா கேக்கலையேண்ணே."

"நடுவுல கேக்குதே."

"நடுவுல யாரு உக்காருறா? அது நடக்குற பாதை."

"கல்யாணப் பொண்ணுங்க கேட்டிருக்காங்க. பொட்டியில போனவங்களும் கேட்டிருக்காங்க. ஒருத்தரும் கொறை சொல்லலையே."

வாதத்தில் ஜெயிக்கத்தான் நடுப்பாதையில் போய் நின்றேன். "வாசிங்க, பாப்போம்."

வாசித்தார். இந்த மலையில் ஒருத்தி கூப்பிட, எதிர்மலையிலிருந்து இன்னொருத்தி குரல் கொடுப்பது போல இருந்தது. இரண்டும் என் தலைக்குள் வந்து சந்தித்துக்கொண்டன.

"எப்படி?"

"பரவாயில்ல."

"மோனோ காது" என்றபடி வயரைச் சுருட்டினார்.

கிறிஸ்மஸுக்குப் பாடகர் குழு முன்னால் நிற்காது, நடுப்பாதையில்தான் நிற்கும், இரண்டு ஆம்பும் இருக்கட்டும், ராகத்தை இரண்டு பக்கமும் நாங்களே கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று கமிட்டியிடம் சொல்லிவிட்டேன். ரோசம்மா அக்காவையும் குழுவில் சேர்த்துக்கொண்டேன். புகார் சொன்னவரே நடுப்பாதைக்கு வந்துவிட்டதால் கமிட்டியும் ஒத்துக்கொண்டது. இன்று காலை உட்காரும் வாங்குகளைச் சுவரோரமாகத் தள்ளிப்போட்டு, பாதையை அகலமாக்கியாயிற்று.

ஸ்டீரியோ அண்ணனிடம் காரணம் எதையும் சொல்லவில்லை. ரெண்டு ஆம்பையும் ஏத்திக்கிட்டு வாங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.