வலது கண்ணின் மீது ஒரு புகார்

என் தங்கை பெற்ற செல்வமும், கண் ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையை எட்ட மாட்டிவைத்து மகாவீரர்களையும் திக்கித் திணற வைப்பவளுமான மருமகளுக்கு, சுவர்களின் சக்கரவர்த்தியாகிய உன் பெயின்டர் மாமன் எழுதுவது.

இங்கு என் இடது கண் நலம். நீ ஏற்பாடு செய்த புரை ஆபரேஷனுக்குப் பிறகு வலது கண்ணும் நலம் என்று வலது கண்ணே சொல்கிறது. அதன் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தேன். ஹால் சுவர் மஞ்சளாக நின்றது. மூன்று வருஷத்துக்கு முன் உங்கள் வீட்டுக்கு அடித்து மீந்த அதே வாளி, அதே வெள்ளை, என் கையால் அடித்தது. என் வெள்ளைச் சட்டையைச் சுவரோரம் பிடித்துப் பார்த்தேன். இடது கண்ணுக்கு இரண்டும் உடன்பிறப்பு. வலது கண்ணுக்கோ சட்டை வெள்ளை, சுவர் மாம்பழம். ஒரே முகத்தில், ஒரே மூக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்துகொண்டு இப்படி முரண்டு பிடித்தால் ஒருத்தன் யாரை நம்புவது?

உங்கப்பா அன்றைக்கு உங்கள் ஹாலைப் பார்த்து என்ன சொன்னார் என்பது உலகமே அறியும். "வெள்ளை கேட்டேன், மஞ்சளை அடிச்சிட்டு நிக்கிறீங்களே மச்சான்" என்றார். "மாப்பிள்ளை, முதல்ல உங்க கண்ணைக் கொண்டுபோய்க் காட்டுங்க" என்றேன். அதோடு அவர் வாசலை நான் மிதிக்கவில்லை, என் வாசலை அவர் மிதிக்கவில்லை. என் தொழில் சுத்தம் உனக்குத் தெரியும். வெறும் வெள்ளை கண்ணைக் குத்தும். அதனால் ஒரு சொட்டு மஞ்சள் விட்டுக் கலக்கி, அது கண்ணுக்குத் தெரிந்ததும் நிறுத்திவிடுவேன். அன்று ஏனோ தெரியவே மாட்டேன் என்றது. சொட்டாக விட்டேன், மூடியால் விட்டேன், கடைசியில் டப்பாவையே கவிழ்த்தேன். மட்ட சரக்கு என்று கடைக்காரரைத்தான் திட்டினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டா, நீ என்னடான்னா, பிளாஸ்டிக் கண் ஒண்ணை மேசையில வச்சுப் பிரிச்சுக் காட்டுற. முன்னால கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி ஒரு படலம், நடுவுல வெளிச்சத்துக்குத் தகுந்தபடி சுருங்கி விரியுற ஓட்டைதான் பாப்பா, அதுக்குப் பின்னால லென்ஸ், கடைசிச் சுவர்ல திரை. திரையில உலகமே தலைகீழாத்தான் விழுதாம், மூளை அதை நிமிர்த்திக்குதாம். நரம்பு வெளியே போற இடத்துல பார்வையே கிடையாதாம், அந்தப் பொத்தலைப் பக்கத்து நிறத்தை வச்சு மூளையே பூசி மறைச்சிடுமாம். நாப்பது வருஷமா சுவர் விரிசல்ல பட்டி பார்த்து மறைச்சு ஊரை ஏமாத்தினவன் நான். எனக்குள்ளயே ஒருத்தன் எனக்குப் பட்டி பார்த்துக்கிட்டு இருந்திருக்கான், கூலிகூடக் கேக்காம. சந்தேகம் வருமா வராதா?

"மாமா, வயசானா லென்ஸ் மஞ்சளாப் பழுத்துடும். மஞ்சள் கண்ணாடி வழியா மஞ்சளைத் தேடினா எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு நீ சிரித்தாய். உங்கப்பாவின் சிரிப்பு.

இன்னொன்றும் என் காதுக்கு வந்தது. ஆபரேஷன் அன்று நான் உள்ளே போனதிலிருந்து வெளியே வரும் வரை உங்கப்பா ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாராம். என் வீட்டுக்காரி, உன் அத்தை பார்த்திருக்கிறாள். "சாப்பிடக்கூடப் போகல. நீங்க நல்லா இருக்கீங்கன்னு நர்ஸ் சொன்னதும் எழுந்து போயிட்டாரு" என்கிறாள். எதற்கு வந்தார்? தன் அபிப்பிராயத்தை அப்படியே சொல்லும் லென்ஸாகப் பார்த்து என் கண்ணில் பொருத்தச் சொல்லத்தானே? வேறு எதற்கு ஒரு மனுஷன் பகையாளிக்காகப் படிக்கட்டில் பட்டினி கிடப்பான்?

ஆகவே, புது லென்ஸைக் கழற்றிவிட்டு என் பழைய லென்ஸையே திரும்ப வைக்கும்படி உன் டாக்டருக்கு ஆணையிடுகிறேன். பலகையின் கடைசி வரியைக் கண்ணாடி போடாமல் படிக்கும் பார்வை உனக்கு நூறு வயதிலும் இருக்கட்டும். உன் அம்மாவுக்கு என் அன்பு. உங்கப்பாவுக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
இடது கண்ணை மட்டும் நம்பும்
உன் மாமன்

பி.கு: இடது கண்ணுக்கும் சீக்கிரம் ஒரு தேதி வாங்கிவிடு. அதே லென்ஸ்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஹாலுக்கு வெள்ளை அடிக்க வருகிறேன். ஒரு சொட்டும் கலக்காமல் கொண்டுவருகிறேன். ஏன் என்று உங்கப்பா கேட்டால், சுவருக்கு வயசாகிப் பழுத்துவிட்டது என்று சொல். ஏணியை அவர்தான் பிடிக்க வேண்டும். அவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை, சுவரைப் பார்த்தபடி, மேலிருந்தே சொல்லிக்கொள்கிறேன்.