அளவெடுத்துச் செய்த கார்

"உங்கடை பின்பக்கம் எத்தினை அங்குலம் எண்டு கேக்கிறாங்கள், வீரகத்தியர்" என்றார், இங்கிலாந்திலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்த தபாலதிபர் தவராசா.

முரசுமோட்டை உப தபாற்கந்தோரில் அந்த நேரம் முத்திரை வாங்க ஐந்து பேர் நின்றார்கள். ஐந்து பேரும் வீரகத்தியரின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் மெதுவா வாசியுங்கோவன், ஐயா."

"மெதுவாத்தான் வாசிக்கிறன். கதிரையிலை இருக்கேக்கை இடுப்பிலையிருந்து முழங்கால்வரை எவ்வளவு, முழங்காலிலையிருந்து குதிக்கால்வரை எவ்வளவு, வயித்தின்ரை சுற்றளவு எவ்வளவு... எல்லாமாப் பத்தொன்பது கேள்வி. இதென்ன, கார் வாங்கிற காகிதமோ, கோட்டுத் தைக்கிற காகிதமோ?"

"கார்தான்" என்றார் வீரகத்தியர், சால்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு.

அது 1955ஆம் ஆண்டு. வீரகத்தியருக்கு ஐம்பது வயது. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வடமராட்சியிலிருந்து வெறுங்கையோடு வந்தவர். இப்போது நெல் குத்தும் மில்லும் ஒரு பழைய லொறியும் வைத்திருந்தார். சொந்தக் காரொன்று வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்ததேயில்லை, முந்தின வருடம் இணுவிலில் நடந்த ஒரு கலியாணத்துக்குப் போகும்வரை.

அங்கே சகலன் மயில்வாகனம் தன்னுடைய புதுக் காரில் சொந்தக்காரரை ஏற்றிக்கொண்டிருந்தார். வீரகத்தியரின் மனைவி பத்மாசனி ஏறப் போனபோது, "பத்மாவை விடுங்கோ. அவ வன்னியிலை நெல்லு மூட்டையோடை லொறியிலை போய்ப் பழகினவ" என்று பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பத்மாசனியும் சிரித்தாள். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஆனையிறவு தாண்டும்வரை அவள் யன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். வீரகத்தியர் அதைக் கவனித்தார். அடுத்த கிழமை கொழும்புக்கு ரயிலேறினார்.

கொழும்புக் கார்க் கடையில் ஓர் ஆள், படப் புத்தகமொன்றை விரித்துக் காட்டினார். நீள மூக்கும் மூடியில்லாத உச்சியுமாக ஒரு கார்.

"இது செய்து அடுக்கி வைச்சு விக்கிற காரில்லை, ஐயா. இங்கிலாந்திலை ஒவ்வொரு காரையும் ஓடுற ஆளின்ரை உடம்புக்கு அளவெடுத்துக் கையாலை செய்யிறவை. இஞ்சை ஒருத்தரும் இன்னும் வாங்கேல்லை."

"எத்தினை பேர் இருக்கலாம்?"

"அதுதான் ஒரு குறை. ரெண்டே ரெண்டு பேர்தான்."

வீரகத்தியர் அந்த இடத்திலேயே முடிவெடுத்தார். இருபத்து மூன்று வருடத் தாம்பத்தியத்தில் அவரும் பத்மாசனியும் தனியாக ஓரிடத்துக்கும் போனதில்லை. பிள்ளைகள் வருவார்கள், பிள்ளைகள் இல்லாவிட்டால் மாமியார் வருவார், ஒருவரும் இல்லாவிட்டால் நடுவில் ஒரு பூசணிக்காயாவது இருக்கும்.

"சீற்றுக்கு மாட்டுத்தோல் போடுவினம்" என்றார் கடைக்காரர்.

"ஐயோ வேண்டாம். நாங்கள் சைவம்."

"அப்ப ஆட்டுத்தோல்?"

"ஆட்டுக்கு மேலை மட்டும் இருக்கலாமோ?"

கடைக்காரர் பெருமூச்சு விட்டு, 'தடித்த துணி' என்று எழுதிக்கொண்டார். நிறம் கேட்டபோது வீரகத்தியர் "செத்தல் மிளகாய்ச் சிவப்பு" என்றார். கார் ஓடத் தெரியுமா என்று கடைக்காரர் கேட்கவில்லை. அதனால் தெரியாது என்று இவரும் சொல்லவில்லை.

இப்போது அளவுக் கடிதம் வந்து நின்றது. பரந்தன் சந்தியில் தையற்கடை வைத்திருந்த ஆதம்பாவாவை மில்லுக்கு அழைத்து, உமிக் குவியலுக்குப் பின்னால் வைத்து அளவெடுக்கச் சொன்னார். ஆதம்பாவா கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்துப் பத்தொன்பது இடத்திலும் பிடித்து, தாளில் எழுதினார்.

"ஆதம்பாவா நானா, வயித்துக்கு நாடாவிலை ஐம்பதெல்லோ காட்டிச்சுது. ஏன் ஐம்பத்திரண்டு எண்டு எழுதுறீர்?"

"ரெண்டு அங்குலம் தளர்வு விட்டிருக்கிறன், முதலாளி. தோய்ச்சாப் பிறகு சுருங்கிப் போச்செண்டு என்னைப் பேசக்கூடாது."

"காரை ஆரும் தோய்க்கிறதோ?"

"மழையிலை நனையாதோ?"

வீரகத்தியர் தாளை மடித்து உறைக்குள் வைத்தார். அளவு போயிற்று.

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. தவராசா வாசிக்கும் முன்பே சிரித்துவிட்டார்.

"பிழையா நினைக்கவேண்டாம், வீரகத்தியர். 'தாங்கள் அனுப்பியது ஓர் ஆளின் அளவா, அல்லது இரண்டு ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்த அளவா என்பதைத் தயவுசெய்து உறுதிப்படுத்தவும்' எண்டு எழுதியிருக்கிறாங்கள்."

அன்றைக்கே வீரகத்தியர் மெலியத் தீர்மானித்தார். சோற்றைக் கையால் தொடவில்லை. காலையில் குரக்கன் கஞ்சி, மத்தியானம் மோர், இரவுக்குப் பச்சைத் தண்ணீர். எட்டாம் நாள் ஆதம்பாவா வந்து, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவரை அளந்தார். எல்லாம் குறைந்திருந்தது. அந்த அளவும் போயிற்று.

ஒன்பதாம் நாள் அவர் மில்லுக்குள் மயங்கித் தவிட்டுக் குவியலில் விழுந்தார். பத்மாசனி ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்து, அங்கேயே ஒரு சட்டி சோற்றைக் குழைத்து வாயில் தீத்தினாள்.

"ஆருக்காக இப்பிடி வயித்தைக் காயப் போடுறியள்?"

"காருக்காக."

"கார் உங்களுக்கேற்ற மாதிரி வரவேணுமோ, நீங்கள் காருக்கேற்ற மாதிரிப் போகவேணுமோ?"

அதன் பின் வந்த பசியில் வீரகத்தியர் முன்னிருந்ததைவிடப் பெருத்துவிட்டார். மனச்சாட்சி உறுத்தியது. உண்மையான அளவு என்று மூன்றாவது தாளையும் அனுப்பினார்.

இதற்கிடையில் ஓடப் பழகும் வேலையும் நடந்தது. லொறிச் சாரதி ஏரம்பு நெட்டையான ஆள், பொறுமைசாலி. பின்னேரங்களில் வாய்க்கால் ஓர வழியில் அவன்தான் பழக்கினான். பத்மாசனி பக்கத்தில் இல்லாவிட்டால் வீரகத்தியருக்குப் பயம். ஆகவே மூவரும் முன் சீற்றில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள்.

"கிளச்சை மெல்ல விடுங்கோ, முதலாளி. மெல்ல... மெல்ல... ஐயோ!"

லொறி தவளைபோலப் பாய்ந்து நிற்கும். ஒருநாள் வாய்க்காலுக்குள் இறங்கியது. இன்னொரு நாள் எருமை மாடு குறுக்கே வந்தபோது பிறேக்கை மிதிப்பதற்குப் பதிலாக ஸ்டியரிங்கைப் பின்னால் இழுத்துக்கொண்டு "ஹோ! ஹோ!" என்று கத்தினார். அரை ஆயுள் மாட்டுவண்டி விட்டவர். எருமை நின்றது. லொறி நிற்கவில்லை. நல்லவேளை, எருமைக்குப் புத்தியிருந்ததால் விலகிப் போயிற்று.

"இடது காலை எடுங்கோ, இஞ்சருங்கோ" என்று பத்மாசனி பக்கத்திலிருந்து சொல்லுவாள்.

"உமக்கென்ன தெரியும்? பேசாமல் இரும்."

வவுனியாவில் லைசென்ஸ் பரீட்சை நடந்தது. முதல் தரம் பரீட்சகர் "நிப்பாட்டும்" என்றபோதும் வீரகத்தியர் "ஹோ!" என்றார். இரண்டாம் தரம் பின்பக்கமாக எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். பரீட்சகரின் சைக்கிள் அங்கே சாத்தியிருந்தது.

திரும்பி வரும் வழியில், கனகராயன்குளத்தில் லொறியை நிறுத்தித் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான் ஏரம்பு. வீரகத்தியர் குடிக்காமல் ஆறவிட்டார்.

மூன்றாவது கடிதம் வந்தபோது தவராசா சிரிக்கவில்லை. கந்தோருக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் வாசித்தார்.

"'தங்களிடமிருந்து மூன்று வேறு வேறு ஆட்களின் அளவுகள் வந்துள்ளன. இவர்களில் லைசென்ஸ் உள்ளவர் யார்? காரை ஓடப் போகிறவருடைய அளவையும் லைசென்ஸ் நம்பரையும் இரண்டு மாதத்துக்குள் அனுப்பாவிட்டால் ஓடரை ரத்துச் செய்வோம்.' என்ன செய்யப் போறியள்?"

வீரகத்தியர் கடிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டுப் படுத்தார். அடுத்த நாள் காலை பூ வைக்கப் போன பத்மாசனி அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதென்ன காகிதம்?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததை ஏன் பிள்ளையாருக்குப் பின்னாலை ஒளிச்சு வைச்சனீங்கள்?"

வீரகத்தியர் எழுந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார்.

"எனக்கு ஓட வராது, பத்மா. இனியும் வராது. கார் வேண்டாமெண்டு எழுதிப் போடுவம்."

"ஏன்? ஏரம்பு ஓடட்டுமன்."

"ஏரம்பு ஓடினால் பக்கத்திலை ஒராள்தான் இருக்கலாம். நானோ, நீரோ?"

"ரெண்டு பேருக்குத்தான் இடமோ?" பத்மாசனி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இவ்வளவு பாடுபட்டு வாங்கிற காரிலை ரெண்டு பேர்தானோ?"

"அதுக்காகத்தான் வாங்கினனான்" என்றார் வீரகத்தியர், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "உம்மையும் என்னையும் தவிர ஒருத்தரும் ஏறேலாதெல்லோ."

பத்மாசனி குசினிக்குள் போனாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி திரும்பி வந்தாள்.

"காகிதத்தை நான் வைச்சிருக்கிறன். இதை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் மில்லைப் பாருங்கோ."

அடுத்த வாரங்களில் அறுவடை நெருக்கடி. வீரகத்தியர் விடியற்காலை மில்லுக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் திரும்புவார். பத்மாசனிக்குப் பல்லுக்குத்து வந்தது. ஏரம்பு அவளை லொறியில் ஏற்றிக்கொண்டு வவுனியா ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் போய் வந்தான். இரண்டாந்தரம் பல்லு முழுக்கச் சுகமாகித் திரும்பி வந்தாள்.

"காகிதத்துக்கு என்ன மாதிரி?" என்று ஒரு நாள் சாப்பாட்டில் இருந்துகொண்டு கேட்டார் வீரகத்தியர்.

"அனுப்பியாச்சு."

"லைசென்ஸ் நம்பரும் அனுப்பினீரோ?"

"ஓம். போட்டுத்தான் அனுப்பினது. சொதி விடட்டோ?"

வீரகத்தியருக்கு விளங்கிவிட்டது. இந்த வீட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவன் ஏரம்பு ஒருவன்தான். அவனுடைய நம்பரைப் போட்டு, கணவனுடைய மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அப்படிப்பட்டவளைத் துருவித் துருவிக் கேட்பது சரியில்லை என்று நினைத்துச் சொதியை ஊற்றிச் சாப்பிட்டார்.

ஏழு மாதம் கழித்து, சித்திரை வெயிலில், பரந்தன் பக்கமிருந்து ஒரு சிவப்புப் பொட்டு வளர்ந்து வளர்ந்து வந்தது. கார்க் கடையிலிருந்து பாலன் என்ற இளைஞன் அதை ஓடிக்கொண்டு வந்திருந்தான். இடித்துக்கொண்ட முழங்கால்களைத் தடவிக்கொண்டு இறங்கினான்.

மில்லை நிறுத்தினார்கள். தபாற்கந்தோரைப் பூட்டிவிட்டுத் தவராசா வந்தார். தன்னுடைய அளவில் வந்த முதல் காரைப் பார்க்க ஆதம்பாவா புதுத் தொப்பியோடு வந்து, காரின் கதவைத் தையல் பார்க்கிற மாதிரித் தடவிப் பார்த்தார்.

"ஒரு பிசகும் இல்லை" என்றார் திருப்தியோடு.

ஏரம்பு நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தான். பத்மாசனி கற்பூரம் கொளுத்தினாள். வீரகத்தியர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். ஓடத் தெரியாவிட்டால் என்ன, இவ்வளவு சனத்துக்கு முன்னால் ஒருக்கால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு இறங்கலாம்.

காலை வைத்தார். கால் போயிற்று. இடுப்பு போகவில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கினார். முழங்கால் நெஞ்சில் முட்டியது. வயிறு ஸ்டியரிங்கில் அகப்பட்டு, காரின் ஹோர்ன் அடிக்கத் தொடங்கியது. நிற்காமல் அடித்தது. மரத்திலிருந்த காகமெல்லாம் எழும்பிப் பறந்தது.

"இழுங்கோடா!" என்று கத்தினார்.

ஏரம்பும் ஆதம்பாவாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். ஹோர்ன் நின்றது. சனம் சிரிக்காமலிருக்க மிகவும் பாடுபட்டது. வீரகத்தியருக்குக் கண் கலங்கியது. மயில்வாகனம் இதைக் கேள்விப்பட்டால் இனி ஒவ்வொரு கலியாண வீட்டிலும் இதுதான் கதை.

"ஆதம்பாவா நானா! என்ன அளவெடுத்தீர்?"

ஆதம்பாவா வானத்தைப் பார்த்தார். "என்ரை அளவிலை பிழையில்லை, முதலாளி."

"அப்ப விளங்கிச்சுது. ஏரம்பு, உன்ரை நம்பரோடை உன்ரை உடம்பளவையும் சேத்து அனுப்பிப்போட்டாய், என்ன?"

"என்ரை அளவோ?" ஏரம்பு பின்னால் நகர்ந்தான். "எனக்கு இதுக்குள்ளை கால் நீட்டவும் ஏலாது, முதலாளி."

"உனக்கும் காணாது, எனக்கும் காணாது! அப்ப இதை ஆருக்கடா செய்தவங்கள்?"

பத்மாசனி சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு காரின் வலப்பக்கமாக வந்து நின்றாள். பாலன் ஒன்றும் விளங்காமல் கையிலிருந்த ஓடர்த் தாளையும் வீரகத்தியரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஓடிப்போய் மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தான். அங்கே ஐம்பத்திரண்டு அங்குல வயிற்றுக்கும் தாராளமாக இடம் விட்டு, மெத்தென்று ஒரு சீற் இருந்தது.

"ஐயா ஏன் அந்தப் பக்கத்தாலை ஏறுறியள்? உங்கடை அளவுக்குச் செய்த சீற் இதுதானே. அங்காலை ஓடுற சீற், லைசென்ஸ் எடுத்து நம்பரும் அளவும் அனுப்பின பத்மாசனி அம்மாவுக்கெல்லோ!"