காப்பீட்டுக்கு ஒரு கையெழுத்து

கல்யாணத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது பதிவாளர் முன்னால் போய் நின்ற பிறகுதான் ஹார்லனுக்குத் தெரிந்தது.

"பண்ணிக்கறது நாங்க ரெண்டு பேரு. எங்களையே சாட்சியாப் போட்டுக்கக் கூடாதா?"

பதிவாளர் அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். லொரேன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

மினசோட்டாவில் எல்க் பெண்ட் என்ற சின்ன ஊர் அது. ஹார்லன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். வயது ஐம்பத்து நான்கு. லொரேன் அங்கே பேக்கரி வைத்திருப்பவள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவனுக்குச் சிநேகிதி. அவளுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. அறுவை சிகிச்சை செய்யவேண்டும், ஆனால் மருத்துவக் காப்பீடு கிடையாது. ஹார்லன் வேலையில் மனைவிக்கும் காப்பீடு உண்டு.

"பேருக்கு ஒரு கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று ஒருநாள் கேட்டான்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றவள், அவன் காபி ஆறுவதற்குள் சரி என்றுவிட்டாள்.

காதும் காதும் வைத்தாற்போல் முடிப்பதாகத் திட்டம். வெறும் காப்பீட்டுக்காகத்தான் என்பதால் ஹார்லன் அன்று சட்டைக்கு இரண்டு தரம் மட்டுமே இஸ்திரி போட்டிருந்தான்.

வேறு வழியில்லாமல் மெக்கானிக் நீல்ஸுக்குப் போன் போட்டான். "ரகசியம்டா. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

நீல்ஸ் ஒருத்தரிடமும் சொல்லவில்லை, மனைவி இங்கிரிட்டைத் தவிர. ஐந்தே நிமிடத்தில் இருவரும் வந்து நின்றார்கள்.

"மோதிரம் எங்கே?" என்றாள் இங்கிரிட்.

"மோதிரமெல்லாம் வேண்டாம், இது சும்மா..."

"மோதிரம் இல்லாம கல்யாணமா? நான் சாட்சிக் கையெழுத்துப் போடமாட்டேன்."

நீல்ஸ் பைக்குள் கைவிட்டு ஒரு பித்தளை வளையத்தை எடுத்தான். தண்ணீர்க் குழாய்க்குப் போடுவது. ஹார்லன் அதை லொரேன் விரலில் மாட்டினான். சுலபமாகப் போனது. திரும்பி வரத்தான் மாட்டேன் என்றது.

சோப்பு போட்டார்கள். வெண்ணெய் தடவினார்கள். ஹார்லன் இழுத்த இழுப்பில் விரல் பீட்ரூட் நிறத்துக்கு வீங்கிவிட்டது.

"விரலை எனக்கே விட்டுடு, வேலைக்கு வேணும்" என்றாள் லொரேன்.

"பயப்படாதீங்க, வெட்டற கருவி தீயணைப்பு வண்டில இருக்கு" என்றான் நீல்ஸ். ஊரின் தீயணைப்புப் படைக்குத் தலைவனும் அவன்தான்.

வண்டி வந்தது. சங்கை ஊதிக்கொண்டுதான் வந்தது. பதிவாளர் அலுவலகம் பற்றி எரிகிறது என்று கடைகளைப் போட்டது போட்டபடி ஊரே ஓடிவந்தது. வந்து பார்த்தால், நெருப்பைக் காணோம். இஸ்திரிச் சட்டையில் ஹார்லன் நிற்கிறான்.

"இது நீங்க நினைக்கற மாதிரி இல்ல! காப்பீட்டுக்காகத்தான்!" என்று அவன் கத்தினான்.

"பன்னெண்டு வருஷமா விடிஞ்சதும் அவ வாசல்ல கொட்டிக் கிடக்கற பனிய அள்ளித் தள்றியே, அது எந்தக் காப்பீட்டுக்கு?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

ஊர் சிரித்தது. வளையம் டணக்கென்று அறுந்து விழுந்தது. ஹார்லன் முகம் அந்த விரலைவிடச் சிவந்துபோயிற்று.

"லொரேன், மானம் போச்சு. இன்னும் கையெழுத்துப் போடல. விட்டுடுவோமா?" என்றான் மெதுவாக. கேட்டுவிட்டானே தவிர, அவள் 'சரி' என்றுவிடுவாளோ என்ற பயத்தில் பேனாவைக் கீழே வைக்காமல் பிடித்திருந்தான்.

"என் இடுப்புக்கு யாரு பதில் சொல்றது? பேனாவக் குடு."

கையெழுத்துப் போட்டாள். ஊர் கைதட்டியது.

திங்கட்கிழமை ஹார்லன் கல்யாணச் சான்றிதழோடு பள்ளி அலுவலகத்துக்குப் போனான். காப்பீட்டு வேலைகளைப் பார்க்கும் பெவர்லியிடம் நீட்டினான்.

"லொரேன் பேரைச் சேர்க்கணும் பெவ். சீக்கிரம் பண்ணிக் குடு, வலியில துடிக்கறா."

பெவர்லி சான்றிதழை இரண்டு தரம் படித்தாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கல்யாணம் முடியற வரைக்கும் உங்கிட்ட வாயத் திறக்கக் கூடாதுன்னு லொரேன் எங்கிட்ட சத்தியம் வாங்கி வச்சிருக்கா. இனிமே சொல்லலாம்: நீ கல்யாணத்துக்குக் கேக்கறதுக்கு ஒரு வாரம் முந்தியே அவளுக்குச் சொந்தமா காப்பீடு கிடைச்சாச்சு!"