சாவியைத் திருப்புமுன் மறக்கக் கூடாத அந்த ஒன்று

தென்காசி,
சாரல் விட்டுவிட்டு அடிக்கும் வியாழன் மாலை.

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஜெபசிங் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அலுவலக ஊழியர்களும் சுகபெலத்துடன் இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நான் இருக்கிறேன். என் மனைவி எப்சிபா பாவூர்சத்திரத்தில் அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள். அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதைப் பணிவுடன் தெரிவிக்கவே இக்கடிதம்.

வேலையில் இருந்த காலமெல்லாம் இன்ஜின் சத்தத்திலேயே வாழ்ந்தவன் நான். ஓய்வுபெற்றபின் வீட்டு மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துக் கிடந்த வேளையில்தான் தங்கள் வார இதழில் 'வீட்டு வாசலில் ஓர் இன்ஜின்' தொடர் ஆரம்பமானது. பழைய கார் இன்ஜினை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, கார் இல்லாமலேயே ஓடவிட்டுப் பார்ப்பது எப்படி என்று ஒரு பொறியாளர் வாராவாரம் எழுதினார். பழைய இன்ஜின் ஒன்று வாங்கச் சொன்னார், வாங்கினேன். ஸ்டாண்டு அடிக்கச் சொன்னார், அடித்தேன். இன்ஜினுக்கு அடியில் ரப்பர் வைத்து போல்ட் முறுக்கச் சொன்னார், முறுக்கினேன். முன்னால் ரேடியேட்டர், மேலே கேனில் பெட்ரோல், கீழே பேட்டரி, பக்கத்தில் சைலன்சர் என்று போர்ச்சில் கால்வைக்க இடமில்லாமல் எல்லாம் ஆயிற்று. அப்போது வந்த பகுதியின் கடைசி வரி இது: "எல்லாம் தயார்! ஆனால் சாவியைத் திருப்புமுன் ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். மறந்தால் அவ்வளவுதான்! அது என்ன? (தொடரும்)." அடுத்த வாரம் அந்தப் பக்கத்தில் முப்பது வகைத் துவையல் வந்திருந்தது. தவிர்க்க முடியாத காரணங்களால் தொடர் நிறுத்தப்படுகிறது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தீர்கள்.

ஐயா, அவ்வளவுதான் என்றால் எவ்வளவு? வெடிக்குமா, எரியுமா, கை போகுமா? தங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தால் ஒரு பெண்பிள்ளை, துவையலில் சந்தேகமா என்று கேட்கிறாள். லேத் பட்டறை லிங்கேஸ்வரன், "ஆயில்தான் அண்ணாச்சி, வேற என்ன?" என்றான். ஆயில் எப்போதோ ஊற்றியாயிற்று. டாக்சி ஸ்டாண்டு குத்தாலிங்கமோ, "ஒரு எலுமிச்சம்பழம் வைக்காம ஸ்டார்ட் பண்ணுவாவளா?" என்கிறார். நாங்கள் வேதக்காரர்கள் என்றேன். "இஞ்சினும் வேதத்துல சேந்துட்டா, வே?" என்கிறார். எதற்கு வம்பு என்று, யாருக்கும் தெரியாமல் இன்ஜின்மேல் ஒரு பழத்தையும் வைத்து பெட்ஷீட்டால் மூடினேன். மறுநாள் எங்கள் வீட்டு முற்றத்தில் ஜெபக்கூட்டம். சாரல் அடித்ததால் பாஸ்டரின் மனைவி நாற்காலியைப் போர்ச் பக்கம் தள்ளிப் போட்டார், பெட்ஷீட் விலகியது, எலுமிச்சம்பழம் உருண்டு வந்து சபைக்கு நடுவே நின்றது. அதற்குப் பிறகு யாருக்கும் பாட்டு வரவில்லை.

அன்றைக்கே எப்சிபா பையைத் தூக்கிவிட்டாள். "எலுமிச்சம்பழத்துக்காவப் போகல. எந்நேரமும் அது பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கிய. பொட்டுச் சத்தம் இல்ல, பேச்சும் இல்ல. ஒண்ணு அது ஓடணும், இல்ல அது போவணும். அப்புறம் கூப்பிடுங்க" என்றாள். ஓடவிடப் பயம், விற்கவும் மனமில்லை. புரோட்டா தின்று தின்று வயிறு கெட்டுவிட்டது. வீட்டில் பேச ஆளில்லை. இருக்கிற இன்ஜினும் பேசாது. அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை, ஐயா. அந்த ஒன்று என்னவென்று ஒரு தபால் அட்டையிலாவது எழுதிப் போடுங்கள்.

கர்த்தர் தங்கள் பத்திரிகையை ஆசீர்வதித்து, தொடங்கிய தொடர்களை முடிக்கும் பெலனையும் தங்களுக்குத் தருவாராக.

இப்படிக்கு,
அலுத்துப்போன வாசகன்,
ஜெபசிங்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் எப்சிபா ஆட்டோவில் வந்து இறங்கினாள். குடையை எடுத்துப்போக வந்தாளாம். "இன்னுமா முடியல?" என்றாள். தங்கள் கடைசி வரியைக் காட்டினேன். இரண்டு தரம் படித்தாள். "எழுதுனவருக்கே தெரியாது போலுக்கு, அதான் தொடரப் பாதியில விட்டுட்டு ஓடிட்டாரு" என்றவள், நான் தடுப்பதற்குள் சாவியைத் திருப்பிவிட்டாள். ஓடுகிறது, ஐயா! ஸ்டாண்டு நடுங்குகிறது, அடுக்களையில் பாத்திரமெல்லாம் ஆடுகிறது, தெருவே வாசலில் நிற்கிறது. பயந்துபோய் அணைக்க எழுந்தேன். "இருக்கட்டும், இன்னும் செத்த நேரம் ஓடட்டும்" என்று என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். ஆகவே அந்த ஒன்று என்னவென்று தயவுசெய்து தெரிவிக்க வேண்டாம். இரண்டு பேரும் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். தெரிந்தால் எழுந்திருக்க வேண்டிவரும்.