கப்பல் மெத்தைக்கு ஒரு நற்சான்று

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது, பிறகு வெகுகாலம் உருப்படியாக எதையும் காணவில்லை. கடைசியில் உல்லாசக் கப்பலின் படுக்கையைக் கண்டது. இத்துடன் நாகரிகத்தின் வேலை முடிந்தது. இனி யாரும் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, படுத்தால் போதும்.

இந்தப் பேருண்மையை முதலில் உணர்ந்தவர்கள் ஓய்வுபெற்ற முத்திரை ஆய்வாளரின் பிள்ளைகள். முத்திரை ஆய்வாளர் என்றால் கடைகளில் உள்ள தராசையும் படிக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துகிறவர். உத்தியோக காலம் முழுவதும் அவர் முதுகு நாற்காலியின் முதுகைத் தொட்டதில்லை என்பார்கள். கடைக்காரர் நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கிக் குடிக்காத மனிதர். குடும்ப விஷயம் வாசற்படி தாண்டக் கூடாது என்பது வீட்டில் அவர் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை மதித்து நடந்த ஒரே ஆளும் அவர்தான்.

ஒரு நாள் காலை அவர் நடை முடித்து வீடு திரும்பியபோது அவருடைய அறையில் கட்டில் இல்லை. கட்டில் கிடந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு ரப்பர் பாய் விரித்திருந்தது. சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அதில் தெரிந்த கிழவரை அவர் ஒரு கணம் வேறு யாரோ என்று நினைத்தார்.

கூடத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மூத்த மகன் ஒரு பெரிய கம்பெனியில் ஆட்களை வேலையைவிட்டு அனுப்பும் பிரிவில் உயர்ந்த பதவி வகிக்கிறான். போகிறவர்களே கைகுலுக்கி நன்றி சொல்லிவிட்டுப் போகும்படி அனுப்பி வைப்பதில் கெட்டிக்காரன் என்று பெயர். வெளிநாட்டில் இருக்கும் இளையவன், தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்த போனுக்குள்ளிருந்து கலந்துகொண்டான். மூத்த மருமகள் வந்திருந்தோருக்கு பிஸ்கட் வைத்திருந்தாள். வந்திருந்தோர் என்றால் அந்த வீட்டுக்காரர்கள்தான்.

"உட்காருங்கப்பா. உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருக்கோம்."

"என் கட்டில் எங்கடா?"

"அதுக்குத்தான் வரோம். முதல்ல இந்தப் படத்தைப் பாருங்க."

தொலைக்காட்சியில் ஒரு படுக்கை தோன்றியது. வெள்ளை வெளேரென்று, யாரோ மேகத்தை இஸ்திரி போட்டு மடித்து வைத்தாற்போல் இருந்தது. பக்கத்தில் வட்ட ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடல்.

"நாலு அடுக்கு மெத்தைப்பா."

"கட்டில் எங்கன்னு கேட்டேன்."

"அதுக்கு மேல ஒரு பஞ்சு விரிப்பு வேற இருக்குப்பா," என்றான் இளையவன், போனுக்குள்ளிருந்து.

"கேட்டதுக்கு அது பதில் இல்லையே."

"மாமா, அந்தக் கட்டில் உங்க முதுகுக்கு ஆகாது," என்றாள் மருமகள். "ஆன்லைன்ல போட்டோம். போட்ட கையோட வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்கு அவ்வளவு கிராக்கி மாமா!" சொல்லும்போது அவள் குரலில் அவருக்காக ஒரு பெருமை தொனித்தது.

அந்த அறை இனிமேல் 'மன அமைதி அறை' என்று விளக்கினார்கள். வீட்டின் மன அமைதிக்கு முதல் தேவை ஒரு கட்டில் குறைவது என்று நிபுணர் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கட்டிலின் ஒரு பாதி, அவருடைய மனைவி போன நாளிலிருந்து காலியாகத்தான் கிடந்தது. ஏற்கெனவே பாதி காலியான ஒன்றை முழுக்கக் காலி செய்வது நிர்வாகத்தில் மிக எளிய காரியம்.

"எத்தனை நாளைக்குடா இந்தக் கப்பல்?"

"நாள் கணக்குல யோசிக்காதீங்கப்பா. அனுபவமா யோசிங்க."

அவர் சத்தம் போட்டிருக்கலாம். ஆனால் எதிர் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. ஆகவே முதுகை நிமிர்த்திக்கொண்டு, அந்த ஜன்னலுக்கும் கேட்கும்படி, "பிள்ளைங்க ஆசைப்பட்டா நான் என்ன மாட்டேன்னா சொல்லப் போறேன்?" என்றார். மூத்தவன் எழுந்து கைகுலுக்கினான்.

கப்பலில் ஏறியதும் அவர் செய்த முதல் வேலை ஆய்வு. மெத்தையை நாலு மூலையிலும் அமுக்கிப் பார்த்தார். குழி விழவில்லை. காதை வைத்துக் கேட்டார். கிறீச்சிடவில்லை. விரிப்பின் தையலை ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். ஒரு நூல் பிரிந்திருக்கவில்லை. குறை ஒன்று கிடைத்தால் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு கௌரவமாக வீடு திரும்பலாம் என்பது அவர் திட்டம். படுத்துப் பார்த்தார். பத்து வருஷமாக வலித்த இடுப்பு, வலிப்பதற்குக் கூச்சப்பட்டதுபோல் அடங்கிவிட்டது. அந்த நேர்மையான மனிதருக்கு இதைவிடப் பெரிய இடி வேறில்லை.

அறைப் பணியாளர் ஒரு அட்டையை நீட்டினார். தலையணைப் பட்டியல். "மென்மை, நடுத்தர மென்மை, பக்கவாட்டுத் தூக்கத்துக்குத் தனி, குறட்டைக்குத் தனி. எது சார் கொண்டு வரட்டும்?"

"தலைக்கு வைக்கிற மாதிரி ஒண்ணு கொண்டு வாங்க."

"மேல் மெத்தை ஞாபகசக்தி உள்ள மெத்தை சார். உங்க உடம்பு எப்படின்னு அது ஞாபகம் வச்சுக்கும். ஒரு தடவை படுத்தாப் போதும், உங்களை மறக்கவே மறக்காது."

"மெத்தையா?"

"ஆமா சார்."

"ஒரு தடவை படுத்தாப் போதுமா?"

"போதும் சார்."

மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய மனிதர் அந்த மெத்தையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்துவிட்டது!

பயணம் முடிந்து கப்பல் புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பியது. அவர் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டு, பெட்டியைக் கட்டி, இறங்கும் வரிசையில் முதல் ஆளாக நின்றார். 'விருந்தினர் மகிழ்ச்சி அலுவலர்' என்று சட்டையில் எழுதியிருந்த ஒருவர் ஓடி வந்தார்.

"சார், நீங்க இறங்க வேண்டாம்! உங்க வீட்ல அடுத்த பயணத்துக்கும் பதிவு பண்ணிட்டாங்க. உங்களுக்கு இன்ப அதிர்ச்சி!"

அதிர்ச்சி வரை சரியாகத்தான் இருந்தது. மூத்தவனைப் போனில் அழைத்தார்.

"அப்பா! சந்தோஷமா? நீங்க அங்க நல்லாத் தூங்குறீங்கன்னு கப்பல்லேருந்து ரிப்போர்ட் வந்துச்சுப்பா."

"தூங்குறதையா ரிப்போர்ட் அனுப்புறாங்க?"

"மெத்தையிலயே இருக்குப்பா அந்த வசதி."

மிச்சம் இருந்தது மகள். அவளை அழைத்துப் பேசினார். "எங்க வீட்ல ஒரு அறை மட்டும் இருந்தா உங்களை இப்படி விடுவேனாப்பா?" என்று அவள் தழுதழுத்தாள். "இருக்கிற ஒரு அறையில மாமா இருக்கார். அவரை எங்கே போகச் சொல்றது?" அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை அவர் மனசோரம் பத்திரமாக வைத்துக்கொண்டார். என்றாவது ஒரு நாள் அந்த அறை காலியாகும் என்று நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தார்.

மகளின் மாமனார் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர். இரண்டு சம்பந்திகளுக்கும் கல்யாணத்தன்று தொடங்கிய போட்டி இன்னும் தீரவில்லை. அடுத்த வாரமே அவரிடமிருந்து போன் வந்தது.

"என்ன சம்பந்தி, பிள்ளைங்க உங்களைக் கடல்ல தள்ளிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்?"

குடும்ப மானம் கப்பலேறிவிட்டதென்று அந்த நொடியில் முத்திரை ஆய்வாளருக்குப் புரிந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது.

"தள்ளுறதா? தாங்குறாங்க சம்பந்தி, தாங்குறாங்க! நாலு அடுக்கு மெத்தை. படுத்தா இடுப்பு எங்க இருக்குன்னு தேடணும். தலையணைக்கே ஒரு பட்டியல். ராஜா வீட்டுல கூட இப்படிப் படுத்திருக்க மாட்டாங்க. 'அப்பா, இறங்காதீங்க, இன்னும் கொஞ்ச நாள் இருங்க'ன்னு பிள்ளைங்க கெஞ்சுறாங்க."

"அப்படியா?"

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் சம்பந்தியின் 'அப்படியா'வில் நம்பிக்கை கால் பங்குதான் இருந்தது. தராசு பார்த்தே வாழ்ந்தவருக்கு அந்தக் குறை பொறுக்கவில்லை.

"உங்க பையன் உங்களுக்கு இப்படி ஏதாவது செஞ்சிருக்கானா சம்பந்தி?"

முத்திரை ஆய்வாளர் வெற்றிப் பெருமிதத்துடன் போனை வைத்தார். அன்று அவர் தூங்கிய தூக்கத்தைப் பற்றிக் கப்பல் தனி ரிப்போர்ட் அனுப்பியிருக்க வேண்டும்.

அடுத்த தடவை கப்பல் துறைமுகம் தொட்டபோது அவர் மேல்தளத்தில் நின்று, ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை இழுத்தபடி மூச்சிரைக்க ஏறி வந்த ஒருவரின் வழுக்கைத் தலை எங்கோ பார்த்ததுபோல் இருந்தது.

"சம்பந்தி! நீங்களா?"

"பேசாதீங்க!" என்றார் மருந்துக்கடைக்காரர். "எல்லாம் உங்க வாயால வந்த வினை. நான் சும்மா இருந்திருக்கணும். பையன்கிட்ட ஒரு பேச்சுக்குச் சொன்னேன், 'பாருடா, அவர் பிள்ளைங்க அப்பனை எப்படி வச்சுத் தாங்குறாங்கன்னு'. சொல்லி வாயை மூடலை, டிக்கெட்டோட வந்து நிக்கிறான். நான் குத்திக் காட்டினேன் சம்பந்தி! அவன் அதை யோசனையா எடுத்துக்கிட்டான்!"

"என் பொண்ணு ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னா. 'எங்கப்பாவே சொல்லிட்டாரு, மெத்தை பிரமாதமாம்'னு சொன்னா. பெட்டி கட்டினது அவதான். நல்லாத்தான் மடிச்சு வச்சிருக்கா, குறை சொல்லக் கூடாது."

முத்திரை ஆய்வாளருக்குத் தலை குனிந்தது. ஆனால் உண்மையை மறைப்பானேன்? குனிந்த தலைக்குள் ஒரு சின்ன விளக்கும் எரிந்தது. சம்பந்தி இங்கே என்றால் அந்த அறை? ஒரு தூணின் மறைவுக்குப் போய் மகளை அழைத்தார்.

"அம்மாடி, சம்பந்தி சௌக்கியமா வந்து சேர்ந்துட்டார்."

"அப்பாடா! இப்பத்தான்ப்பா நிம்மதி. நீங்க பக்கத்துல இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் அனுப்பினோம்."

"அது சரிம்மா... அவர் இருந்த ரூம் இப்ப காலியாத்தானே இருக்கு?"

"ஐயோ, காலியா எங்கப்பா இருக்கு? டிரெட்மில் வாங்கிப் போட்டாச்சு. உங்க மாப்பிள்ளையை டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கார்."

"தெருவுல நடக்கலாமேம்மா?"

"டிராஃபிக்ப்பா!" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "அதுவுமில்லாம, அந்த மெத்தையை விட்டுட்டு இங்க வந்து தரையிலயா படுப்பீங்க? எங்களுக்கு மனசு கேக்குமாப்பா?"

அவருடைய நற்சான்று அவருக்கே திரும்ப வந்து சேர்ந்தது, முத்திரையோடு.

அவர் திரும்பியபோது சம்பந்தி தம் அறைக்குள் கட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பேப்பர் படிக்க வேண்டுமாம். அதற்குக் கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். கட்டில் இம்மியும் அசையவில்லை.

"ஒரு கை கொடுங்க சம்பந்தி. என்ன இரும்பா இது?"

இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். கப்பல் நகர்ந்தாலும் நகரும், கட்டில் நகராது போலிருந்தது. முத்திரை ஆய்வாளர் மண்டியிட்டு, விரிப்பைத் தூக்கி, கட்டிலுக்கடியில் தலையை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தலையை வெளியே எடுத்தபோது அவர் முகம் சோதனையில் தேறிய தராசைக் கண்ட முகம்போல் தெளிந்திருந்தது.

"என்ன சம்பந்தி, கீழே?"

பதில் சொல்வதற்குள் விருந்தினர் மகிழ்ச்சி அலுவலர் கேமராவும் கையுமாக உள்ளே வந்தார். "ஆகா, குடும்பமா! ரெண்டு பேரும் கட்டில்ல உட்காருங்க. நீண்ட கால விருந்தினர்கள் எங்க படுக்கையைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும். உங்க பிள்ளைங்க எல்லாருக்கும் இன்னைக்கே போயிடும். அப்புறம் விளம்பரத்துல வரும். ஊரே பார்க்கும் சார்!"

சம்பந்தி அவர் விலாவில் முழங்கையால் இடித்தார். "இப்பவாவது உள்ளதைச் சொல்லுங்க. எத்தனை பேர் வீட்ல இதே மாதிரி பெட்டி கட்டப் போறாங்களோ!"

"குடும்ப விஷயத்தை ஊருக்குச் சொல்லச் சொல்றீங்களா?"

"பின்னே, மறுபடியும் மெத்தையைப் புகழ்ந்துட்டுத்தான் வரப் போறீங்களா?"

"ஆமா. புகழத்தான் போறேன்."

குடும்ப கௌரவத்தைக் காத்து நின்ற அந்த மாமனிதர் கடைசிவரை யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். சட்டையை நீவி விட்டுக்கொண்டார். நாலடுக்கு மெத்தையின் விளிம்பில், எங்கும் சாயாமல் உட்கார்ந்தார். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது.

"சொல்லுங்க சார். உங்க வீட்டுக் கட்டிலுக்கும் எங்க கட்டிலுக்கும் என்ன வித்தியாசம்?"

"இது ரொம்ப உசத்தி," என்றார் முத்திரை ஆய்வாளர், மூத்தவன், இளையவன், மகள் மூன்று பேரையும் ஒருசேரப் பார்ப்பதுபோல் கேமராவைப் பார்த்து. "மெத்தையைச் சொல்லலை. இந்தக் கட்டிலோட நாலு காலையும் தரையோட போல்ட் போட்டு முடுக்கி வச்சிருக்காங்க. காலையில நடந்துட்டுத் திரும்பி வந்தாலும் இருக்கும்."