ஏரி விலை

வேலையை விட்டு வேறு வேலைக்குப் போகிறவனுக்கு ஊரே புத்தி சொல்லும். அதிலும் ஆயுசுக்கும் ஒரே வேலையில் இருந்தவர்கள்தான் அதிகம் சொல்வார்கள். நான் ஒருமுறை மாறிப் பார்த்தவன். எனக்குச் சொல்ல விஷயம் நிறைய உண்டு, கேட்கத்தான் ஆளில்லை.

நேற்று மாலை என் மகன் கரீம் பழனிக்கு வந்தான். தாண்டிக்குடியில் ஒரு காப்பித் தோட்டத்து ஆபீஸில் அவனுக்குக் குமாஸ்தா வேலை. செருப்பைக் கழற்றும்போதே, "அத்தா, சோலிய விட்டுட்டேன். மதுரையில மோட்டார் கம்பெனியில சேரப் போறேன்" என்றான். இரண்டு செருப்பையும் கழற்றிவிட்டாவது சொல்லக்கூடாதா?

நான் அவனுக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான்: புது இடத்துக்குப் போனால், பழைய இடத்தில் கற்ற கெட்டிக்காரத்தனத்தைக் கொஞ்ச நாள் பெட்டியில் பூட்டி வை. அவன் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

கல்யாணமான புதிதில் நான் மாமுவின் கடையில் இருந்தேன். தாய்மாமா, முதலாளி, மாமனார் மூவரும் எனக்கு ஒரே ஆள். (கடையில் நான் வாங்கிய திட்டு, எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.) பழனிக்கு வருகிற யாத்ரீகர்களுக்குச் செம்பு, ஜமுக்காளம், குடை விற்போம்.

அந்தக் கடைவீதியின் முறை வேறு. நாம் ஒரு விலை சொல்வோம். வந்தவர் பொருளைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் நடையைக் கட்டுவார். அவர் போகிறார் என்று நினைக்கக் கூடாது, பேரம் பேசுகிறார். மெதுவாக நடந்தால் கொஞ்சம் குறைத்தால் போதும். வேகமாக நடந்தால் கெட்டியான ஆள், நிறையக் குறைக்க வேண்டும். பின்னாலேயே போய்க் கூப்பிடாவிட்டால் அவருக்கே மனவருத்தம். கூப்பிடுவதில் நான் சூரன். தெருமுனை தாண்டியவர்களைக்கூடத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன்.

இந்தச் சூரனுக்குக் கொடைக்கானலில் வேலை கிடைத்தது. துரைமார் சாமான் வாங்கும் கடை. எனக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் வரும் என்பதற்காகக் கிடைத்த வேலை. முதலாளி, "ஒரு மாசம் பாப்போம் தம்பி. சரியா வந்துச்சுன்னா, கடைக்குப் பின்னால ஒரு ரூமு சும்மாதான் கெடக்கு. வீட்டுக்காரவுகளக் கூட்டியாந்திருங்க" என்றார். அந்த அறைதான் என் கனவு. மாமனாரின் இருமல் காதில் விழாத ஒரு குடித்தனம்! என் மனைவி ஜைத்தூனுக்கும் அதே கனவுதான். அவள் திரைச்சீலைகூடத் தைத்துவிட்டாள்.

வேலையை விடும்போது வாயை மூடிக்கொண்டு விட வேண்டும். அதையும் நான் செய்யவில்லை. "இனிமே இந்தக் கடைப்படிய மிதிச்சேன்னா என் பேரு இல்ல, மாமு!" என்றேன். மாமு ஜமுக்காளத்தை மடித்தபடி, "வெள்ளனே கெளம்பு. வத்தலக்குண்டுப் பஸ்ஸுல எடம் கெடைக்காது" என்றார். நான் எதிர்பார்த்த அளவுக்கு அவர் அழவில்லை.

கொடைக்கானல் முதலாளி எனக்கு முதல் நாளே தெளிவாகச் சொன்னார்: "இங்க ஒரே வெல. பேரமே கெடையாது." நான் தலையாட்டினேன். பழனியில் எல்லாக் கடையிலும் அப்படித்தான் சொல்வார்கள். பேரமே அந்த வாக்கியத்தில்தான் தொடங்கும்.

ஒரு நாள் மதியம் அவர் தொழுகைக்குப் போயிருந்தார். ஒரு துரைசானி வந்தார். கிளிமூக்குப் பிடி வைத்த குடையை எடுத்தார், விரித்தார், மடக்கினார், விலை கேட்டார். சொன்னேன். குடையை வைத்துவிட்டு, புன்னகை செய்து, நடையைக் கட்டினார்.

எனக்குப் புல்லரித்தது. பழனியேதான்!

குடையும் கையுமாக இறங்கினேன். "மேடம்! லாஸ்ட் பிரைஸ்!" அவர் திரும்பவில்லை. கொஞ்சம் குறைத்தேன். நடை வேகமானது. கெட்டியான ஆள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு இன்னும் குறைத்தேன். சரிவில் இறங்கும்போது பாதி விலைக்கு வந்திருந்தேன். அவர் ஓடவே தொடங்கிவிட்டார். ஓடுகிற வாடிக்கைக்கு எவ்வளவு குறைப்பது? மாமு அதை எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஏரிக்கரையில் அவருடைய துரை ஒரு படகில் காத்திருந்தார். துரைசானி ஏறியதும் படகுக்காரர் தள்ளிவிட்டார். நான் விடுவேனா? கரையோடு ஓடினேன். உலாவ வந்த துரைசானிகள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். மஞ்சு என்கிற மூடுபனி இறங்கிப் படகு மறைந்துபோனது. அந்த மஞ்சைப் பார்த்துக் கால் விலை என்று கத்தினேன். பிஸ்கட் டப்பா ஒன்று இனாம் என்றும் கத்தினேன்.

மஞ்சுக்குள்ளிருந்து படகுக்காரரின் குரல் வந்தது: "யோவ் கொடைக்காரரே! கொடையில ஓட்ட இருக்கான்னு தொர கேக்குறாரு!"

"இல்லவே இல்லைன்னு சொல்லுங்க!"

"அப்ப உம்ம மண்டையிலதான்! இது தொர சொல்லல, நான் சொல்றேன்!"

மறுநாள் காலை கடை நிறையத் துரைசானிகள். முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. முதலில் நின்றவர் ஒரு கம்பளியை எடுத்துக் காட்டி, இதற்கு ஏரி விலை என்ன என்று கேட்டார். அடுத்தவர் தேயிலைக்கு ஏரி விலை கேட்டார். நேற்றைய துரைசானியும் துரையோடு வந்து, குடையை எடுத்துக்கொண்டு, பிஸ்கட் டப்பா எங்கே என்று கேட்டார்.

எல்லாரும் போன பிறகு முதலாளி உட்கார்ந்துவிட்டார். "ஒரே வெலன்னு இந்த மலையில நான் பேரு எடுக்க எத்தன வருசமாச்சு! ஒரு மத்தியானத்துல ஏரியில கரச்சிட்டியே! வெரசா கெளம்பு. ரூமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது." தம்பியும் மரியாதையும் போய்விட்டிருந்தன.

பழனிக்கு வந்து மாமுவின் கடை முன்னால் பெட்டியோடு நின்றேன். படியை மிதிக்கவில்லை. (சபதம் சபதம்தானே!) மாமு நிமிர்ந்தே பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். பேசாமல் திரும்பி, மெதுவாக நடக்கத் தொடங்கினேன்.

பின்னால் குரல் கேட்டது. "ஏலே! பழைய சம்பளத்துல பாதி!"

நடந்தேன்.

"சரி, முக்கால்!"

கொஞ்சம் வேகமாக நடந்தேன்.

"ரொம்ப எட்டப் போகாதலே! அங்கிட்டு ஏரி கெடக்கு!"

எனக்கு முன்பே செய்தி வந்துவிட்டிருந்தது. கடைவீதியே சிரித்தது. நான் படியை மிதித்தேன். அந்தத் திரைச்சீலை, மாமுவின் இருமலுக்கு அடுத்த அறையிலேயே தொங்கிக் கிழிந்தது. எங்கள் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு எழுந்தாலும், "அங்கிட்டு ஏரி கெடக்கு" என்ற குரல் இன்றைக்கும் வரும்.

இவ்வளவையும் கரீமிடம் சொல்லலாம் என்று இன்று காலை உட்கார்ந்தேன். ஜைத்தூன், "அவனுக்கு மனப்பாடமாத் தெரியும். பயலப் போக விடுங்க. அவன் ஒரே வெலக்காரன், கூப்பிட்டாத் திரும்ப மாட்டான்" என்றாள். அவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. குடையை மறந்துவிட்டான்! எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். "கரீமு! கரீமு! ஒரு தடவ யோசிச்சுப் பாரு! தோட்டத்துல நான் வேணாப் பேசுறேன்!"

தெருமுனையில் நின்று திரும்பினான். என்னைப் பார்த்தான், கையிலிருந்த குடையைப் பார்த்தான்.

"என்ன வெல, அத்தா?"

மூச்சு வாங்கியது. "சும்மாதான்டா, வச்சுக்க" என்றேன்.

எதிர்க்கடையிலிருந்து ஒரு குரல்: "ஏரி வெலையவிடக் கொறச்சலால்ல இருக்கு!"